பழுதை மூடிவைக்கும் பழக்கம்

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று எம்மவர் அடிக்கடி கூறுவதுண்டு. விடாமுயற்சிக்கு அது நல்ல வாசகமே. ஆனால், பல ஆண்டுகளாக மழையிலும் உப்பிலும் ஊறி இறுகிப்போன போல்ட் ஒன்றின் முன்னால் அப்பழமொழி பொய்த்துவிடுகிறது. அங்கே அடிமேல் அடி அடித்தால் போல்டின் தலைதான் முறிந்து கையோடு வரும்.

இதனை எழுதத் தூண்டிய சம்பவம் ஒன்றுண்டு. எம்மவரான இளைஞர் ஒருவர், பேருந்து ஓடாத அதிகாலை வேளையில் வேலைக்குச் செல்வதற்காக, இருபத்தைந்து வருடப் பழைமையான மோட்டார் சைக்கிள் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார். சில வாரங்களில் பின்சில்லிலிருந்து அரைக்கும் ஒலி எழுந்தது. விடயம் தெரிந்தவர்கள் என மதிக்கப்படும் இருவர், பெயாரிங்கின் மூடியை நெம்பி, உள்ளே கிறீஸை அடைத்து, இனி ஒரு வருடம் ஓடும் என்று ஆறுதல் கூறி அனுப்பினர். ஒரு மாதம்கூட ஓடவில்லை. வளைவொன்றில் பின்சில்லு ஆட்டங்கண்டு வண்டி சரிந்தது. இளைஞரின் தோள் எலும்பு முறிந்தது, வேலையும் பறிபோயிற்று. அவரை இங்கு அனுப்புவதற்காகக் காணியை ஈடுவைத்த பெற்றோர் ஊரிலே வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த இருவர் மீதும் குற்றம் சுமத்துவது எமது நோக்கமன்று. அவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். வேறொரு காலத்தில், வேறொரு நிலைமையில் சரியாக இருந்த ஓர் அறிவை இங்கும் பயன்படுத்தியவர்கள்.

1990இல் வடபகுதி மீது பொருளாதாரத் தடை இறுகியபோது எரிபொருளும் மின்கலமும் உதிரிப்பாகங்களும் எட்டாப் பொருட்களாகின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்கள் நாம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். தேய்ந்த பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, மீண்டும் கிறீஸ் பூசிப் பொருத்தியது அக்காலத்தின் கட்டாயம். புதியது கிடைக்காத இடத்தில் பழையதை ஓடவைப்பது திறமை. அத்திறமையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. 2002இல் போர்நிறுத்தத்தோடு அத்தடை பெருமளவு நீங்கியது. ஆனால் எம்மில் பலரது மனத்தில் அது இன்னமும் நீங்கவில்லை. புதியது கையெட்டும் தூரத்தில் கிடைக்கும்போதும் பழையதை மூடிவைத்து ஓடும் பழக்கம் எம்மை விட்டகலவில்லை.

பெயாரிங் ஒன்றின் பக்கத்திலே ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக 6302 என்றிருந்தால், அதன் உள்விட்டம் 15 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 42, தடிப்பு 13. இந்த எண்ணுக்கு நாடுமில்லை, மொழியுமில்லை. யாழ்ப்பாணத்திலும் பாரிசிலும் அளவு ஒன்றே. வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் முகவரிடம்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. கைத்தொழிற்சாலைகளுக்குப் பெயாரிங் விற்கும் கடைகளில் நல்ல தரத்தில், இருபுறமும் இறப்பர் மூடியுடன் கிடைக்கும். விலை ஒருவேளை உணவுக்கான செலவளவே. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது இங்கே முற்றிலும் பொருந்தும். சில்லைக் கழற்றும் உழைப்புத்தான் பெரிது. அவ்வளவு உழைத்துக் கழற்றியபின் பழையதையே மீண்டும் போடுவது சிக்கனமன்று.

அது ஆபத்துமாகும். பெயாரிங்கின் குண்டுகள் ஓடும் பாதையில் ஒருமுறை குழி விழுந்துவிட்டால் எவ்வளவு கிறீஸ் இட்டாலும் அக்குழி ஆறாது. கிறீஸ் ஒலியை மட்டுமே சிறிது காலம் மறைக்கும். மேலும், குடத்தினுள் இறுகியிருக்கும் பெயாரிங்கை அதன் உள்வளையத்தில் தட்டியே பெரும்பாலும் வெளியேற்ற முடியும். அந்த அடி குண்டுகள் வழியாகச் சென்று பாதையைத் தழும்பாக்கிவிடும். ஆகவே இவ்வாறு தட்டிக் கழற்றிய பெயாரிங் மீண்டும் பொருத்தத் தகுதியற்றது.

பழுதைக் கண்டறிய பட்டறைக்குச் செல்லவேண்டியதில்லை. சில்லைத் தரையிலிருந்து உயர்த்தி, மேலும் கீழுமாக இரு கைகளால் பிடித்து அசைத்தால், ஆட்டம் கைக்குத் தெரியும். அச்சைக் கழற்றியபின் விரலை உள்வளையத்தில் இட்டுச் சுழற்றினால், நல்ல பெயாரிங் வழுவழுவென்று ஓடும். பழுதானது மணல் அரைபடுவதுபோல் தடுக்கும்.

அச்சைக் கழற்றுவதுதான் பலருக்குப் பெரும்பாடு. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் வீதியெங்கும் உப்புத் தூவுகிறார்கள். அலுமினியமும் உருக்கும் சேருமிடத்தில் உப்புநீர் புகுந்தால், அது ஒரு சிறு மின்கலம் போலாகி அலுமினியத்தை அரிக்கிறது. அவ்வரிப்பின் வெண்பொடி உலோகத்தைவிட அதிக இடத்தைப் பிடிப்பதால் மரைகள் நெரிபட்டு இறுகுகின்றன. அங்கே பலம் உதவாது, பொறுமையே உதவும். முதலில் கம்பித் தூரிகையால் துருவை நீக்கவேண்டும். ஊடுருவும் எண்ணெயை மாலையில் விட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மீண்டும் விடவேண்டும். வாய்பிளந்த சாவியை விடுத்து, ஆறு முகங்களையும் பற்றும் வளையச் சாவியையே பயன்படுத்த வேண்டும். போல்டின் தலையில் நேராக, அளவான சில தட்டுகள் துருவின் பிடியைத் தளர்த்தும். பின்னர் இறுக்கும் பக்கமாகச் சிறிது திருப்பி, அதன்பின் தளர்த்தும் பக்கமாகத் திருப்பவேண்டும். சிறிது அசைந்ததும் ஒரேயடியாகச் சுழற்றாது, முன்னும் பின்னுமாக எண்ணெய் விட்டு நகர்த்தவேண்டும். யப்பானிய வண்டிகளின் சிலுவைத் தலைத் திருகாணிகளுக்கு அவற்றுக்கே உரிய திருப்புளி உண்டு. சாதாரணமானதை இட்டுத் திருகினால் தலை சிதையும்.

அதற்கும் மசியாவிடின் வெப்பம் உதவும். ஆனால் பெற்றோல் தாங்கியின் அருகே தீச்சுவாலை கூடாது. குளோரின் சேர்ந்த பிரேக் சுத்திகரிப்புத் திரவம் பட்ட இடத்தை ஒருபோதும் சூடாக்கலாகாது. அதிலிருந்து எழும் பொஸ்ஜீன் வாயு உயிரைக் குடிக்கும் நஞ்சு.

புதிய பெயாரிங்கை உட்செலுத்துவதற்கும் முறையுண்டு. அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும் இயல்புடையது. எனவே குடத்தை நீர்த்துளி சீறுமளவுக்குச் சூடாக்கி, பெயாரிங்கைக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்தெடுத்தால் சிறு முயற்சியிலேயே அமர்ந்துவிடும். தட்டவேண்டி நேர்ந்தால் வெளிவளையத்தில் மட்டுமே தட்டவேண்டும். இரு பெயாரிங்குகளுக்கும் இடையே இருக்கும் குழாயை மறவாது வைத்தல் வேண்டும். அக்குழாய் இல்லாமல் அச்சை இறுக்கினால் உள்வளையங்கள் பக்கவாட்டில் நெரிபட்டு, புதிய பெயாரிங்கும் விரைவில் அழியும். பிரேக் உராயும் பரப்பில் கிறீஸ் படலாகாது. அச்சின் பிளவு ஊசியும் புதிதாகவே இருக்கவேண்டும்.

பிரித்தானியாவில் பொதுவாக ஆண்டுதோறும், யேர்மனியில் இரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிள்கள் பரிசோதிக்கப்படுகின்றன. பிரான்சிலும் 2024 ஏப்ரல் முதல் இந்நடைமுறை வந்துள்ளது. இவற்றை வீண்செலவென்று சலித்துக்கொள்வோர் எம்மிடையே உளர். ஆனால் அடுத்தவர் சொல்லும் ஆறுதலைவிட, உண்மையைச் சொல்லும் பரிசோதனையே எமக்குத் துணை. புகலிடக் கோரிக்கைக்கு முடிவு கிடைக்காது காத்திருப்பவனுக்கு ஒரு விபத்து வெறும் உடற்காயத்தோடு முடிவதில்லை. காப்புறுதி, பொலிஸ் விசாரணை, இழந்த வேலை, திருப்பமுடியாத கடன் என்று அது நீண்டுகொண்டே போகும்.

எனவே நெருக்கடிக்காலம் எமக்குத் தந்தவற்றை நாம் இரண்டாகப் பிரித்து நோக்கவேண்டும். கருவியைக் கையாளும் தேர்ச்சி, இல்லாததை ஆக்கிக்கொள்ளும் நுட்பம், ஒரு பொருளை எறியுமுன் திறந்து பார்க்கும் ஆர்வம் ஆகியவை எமது சொத்து. பட்டத்தை மட்டுமே கல்வியெனக் கருதும் எமது சமூகம், இவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்காது விடுவது பெரும் இழப்பு. தமிழ்ப் பாடசாலைகள் நடக்கும் மண்டபங்களில் மாதமொரு பிற்பகல், தொழில் தெரிந்த பெரியவர் ஒருவர் ஒரு சில்லைக் கழற்றிக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? பிள்ளைகள் அங்கே தமிழோடு ஒரு தொழிலையும் கற்பார்கள்.

மற்றையது, பழுதை மூடிவைத்து ஓடும் பழக்கம். அதைக் கைவிடுவோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் வெட்கமில்லை. ஓடும் என்று சொல்லி ஓர் இளைஞனை வீதிக்கு அனுப்புமுன், அந்தச் சில்லில் எமது சொந்தப் பிள்ளை போவானா என்று எம்மை நாமே ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.