கம்பம் பள்ளத்தாக்கின் கதையில் யார் ஹீரோ, யார் ‘என்.பி.சி.’?

இன்ஸ்டாகிராமில் ஒருவரை மட்டம் தட்ட இப்போது ஒரு சொல் போதும்: ‘என்.பி.சி.’ சொந்தமாக யோசிக்கத் தெரியாதவர், கூட்டத்தில் ஒருவர், கதைக்குத் தேவையில்லாத ஆள் என்று பொருள். வீடியோ கேமிலிருந்து வந்த வசவு இது. கேமுக்குள் இருக்கும்வரை இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊரையும் வரலாற்றையும் பார்த்தால்தான் சிக்கல். அது எப்படி என்று தெரிந்துகொள்ள, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு வரை போய்ப் பார்க்கலாம்.

ஆர்.பி.ஜி. எப்படி வேலை செய்கிறது?

‘ரோல் பிளேயிங் கேம்’ என்பதன் சுருக்கம்தான் ஆர்.பி.ஜி. ஒரு கதாபாத்திரமாக மாறி, அதன் கதையை நீங்களே நடத்திச் செல்லும் விளையாட்டு. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதன் தொடக்கம். பேப்பர், பென்சில், பகடை இருந்தால் ஆடலாம். 1986-ல் ஜப்பானில் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’, அடுத்த ஆண்டு வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி’ எல்லாம் இதை வீட்டு டி.வி.க்குக் கொண்டுவந்தன.

ஃபார்முலா இன்றுவரை பெரிதாக மாறவில்லை. எதிரியை வீழ்த்தினால் எக்ஸ்.பி. எனும் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். உலகைக் காப்பாற்றுவது மெயின் குவெஸ்ட். யாரோ தொலைத்த ஆட்டைத் தேடிக் கொடுப்பது சைடு குவெஸ்ட். கதையும் பழகினதுதான். சின்ன கிராமம், சாதாரண இளைஞர், கிராமம் எரியும், ‘உலகைக் காக்கப் பிறந்தவன் நீதான்’ என்று ஒரு பெரியவர் வந்து சொல்வார். மற்ற எல்லோரும் என்.பி.சி., அதாவது விளையாடுபவர் இயக்காத பாத்திரங்கள். கடைக்காரர் கடையிலேயே நிற்பார். எத்தனை முறை பேசினாலும் அதே இரண்டு வரிதான்.

உழைத்தால் லெவல் ஏறுமா?

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து புள்ளி சேர்ப்பதை ‘கிரைண்டிங்’ என்பார்கள். போர் அடித்தாலும் கேமர்கள் மணிக்கணக்கில் செய்வார்கள். காரணம், அங்கே உழைப்பு வீண்போகாது. நூறு புள்ளிக்கு உழைத்தால் நூறு புள்ளி வந்தே தீரும்.

காலையில் கம்பம், கூடலூர், போடி பக்கம் ரோட்டில் நின்றால் வேறொரு கிரைண்டிங் தெரியும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகளில் ஜீப்புகள் இடுக்கி மாவட்டத்துக்கு ஏறும், சாயங்காலம் இறங்கும். மறுநாளும் அதே. இருபது வருஷமாகக் காய் பறிக்கிற அக்காவுக்கு எது பதம், எது பிஞ்சு என்று பார்த்ததுமே தெரியும். அந்த அனுபவத்துக்கு லெவல் கிடையாது. அவர் பறித்த ஏலக்காய்க்கு போடிநாயக்கனூர் ஏல மையத்தில் விலை பேசும்போது அவரை யாரும் கேட்பதும் இல்லை.

‘உழைச்சா மேல வந்துடலாம்’ என்பது நல்ல கேம் விதி. அதை அப்படியே வாழ்க்கைக்குப் பொருத்தினால், மேலே வராதவர் உழைக்கவில்லை என்று ஆகிவிடும். அந்த ஜீப்பில் இருப்பவர்களிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

ஹீரோ ஒருவர்தானா?

இந்தப் பள்ளத்தாக்கின் பெரிய கதை முல்லைப் பெரியாறு அணை. மேற்கே ஓடிய தண்ணீரை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் பக்கம் திருப்பிய திட்டம். 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் பொறியாளர் ஜான் பென்னிகுவிக். லோயர் கேம்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15-ல் மக்கள் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மனிதருக்கு இந்த நன்றி நியாயமானது.

ஆனால் சொல்லச் சொல்ல அந்த வரலாறு ஆர்.பி.ஜி. கதையாகிவிட்டது. வெள்ளம் கட்டுமானத்தை அடித்துப்போனது, அரசு கைவிரித்தது, அவர் இங்கிலாந்து சொத்தை விற்றுத் தனியாளாகக் கட்டி முடித்தார் என்பதுதான் வாட்ஸ்அப் வடிவம். வெள்ளம் வந்தது உண்மை. சொத்தை விற்றதற்கு உறுதியான ஆவணம் யாரும் காட்டியதில்லை. அணை சென்னை மாகாண அரசின் திட்டம்.

யோசனையும் ஒருவருடையது இல்லை. 1789-லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி இதை ஆராய்ந்தார், பணமில்லாமல் நின்றது. 1808-ல் கேப்டன் கால்டுவெல் வந்து பார்த்து, நடக்காது என்றார். 1867-ல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் தந்தார்.

இவர்களுக்காவது பெயர் இருக்கிறது. காட்டுக்குள் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, காய்ச்சலில் செத்துப்போன தொழிலாளர்களில் ஒருவர் பெயரையாவது நம்மால் சொல்ல முடியுமா? கேம் மொழியில் அவர்கள்தான் என்.பி.சி.

கண்ணகிக்கு எக்ஸ்.பி. இல்லை

வேறு மாதிரிக் கதையும் இதே மலையில் இருக்கிறது. கூடலூருக்கு மேலே, தமிழக-கேரள எல்லையில், மங்கலதேவி கண்ணகி கோயில். சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும்தான் பக்தர்களுக்கு அனுமதி.

சிலப்பதிகாரத்தை ஒரு கேமராகப் படித்துப் பாருங்கள். சிலம்பை விற்று வரப் போகும் சாதாரண குவெஸ்ட், கோவலன் கொலையில் முடிகிறது. கண்ணகி லெவல் ஏறவில்லை, ஆயுதம் சேர்க்கவில்லை. மிச்சமிருந்த ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குப் போய் நியாயம் கேட்கிறாள். வழக்கமான கேமில் ஊர் எரிவது ஹீரோவின் பயணத்தைத் தொடங்கிவைக்க. இங்கே மதுரையை எரிப்பவளே நாயகி.

இப்போது வரும் சில கேம்களும் ஃபார்முலாவை மாற்றுகின்றன. ‘அண்டர்டேல்’ (2015) கேமை ஒரு எதிரியைக்கூடக் கொல்லாமல் முடிக்கலாம். நீங்கள் ஆசையாகச் சேர்த்த புள்ளிகள் கொலைக் கணக்கு என்று கடைசியில் அது சொல்லும். கனடாவில் உருவான ‘வெண்பா’ (2023) ஆர்.பி.ஜி. இல்லை. ஆனால் அதன் நாயகி, இட்லி சுடும் ஒரு தமிழ் அம்மா. வேறு கேமாக இருந்தால் அவர் அடுப்படியில் நின்று இரண்டு வரி பேசும் என்.பி.சி.யாக இருந்திருப்பார். அந்த கேம் 2024-ல் பாஃப்டா விருது வாங்கியது.

நாளைக்கு முல்லைப் பெரியாறை வைத்து யாராவது ஒரு கேம் எடுத்தால், பென்னிகுவிக்காக விளையாடச் சொல்வது சுலபம். கல் சுமந்த ஒருவராக விளையாடச் சொன்னால்தான் அந்த அணை எப்படி எழுந்தது என்று புரியும். அதுவரைக்கும், கமென்ட்டில் ‘என்.பி.சி.’ என்று டைப் செய்வதற்கு முன்னால் எதிரில் இருப்பவருக்கும் ஒரு மெயின் குவெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.