கடைசி நாள் ஓட்டம்

இந்தியாவில் நிதியாண்டு மார்ச் 31ஆந் திகதி முடிவடைகின்றது. பழைய வரிமுறையைத் தெரிந்தெடுத்தோர் குறித்த சேமிப்புகளில் இடும் 1,50,000 ரூபா வரைக்கும் வரிக்கழிவு பெறலாம். ஆதலின் கடைசி வாரத்தில் வங்கிக்கு ஓடுவோர் பலர்.

பொதுச் சேமலாப நிதியை நோக்குங்கள். மாதத்தின் 5ஆந் திகதிக்குள் இட்ட பணத்துக்கே அம்மாத வட்டி உண்டு. ஏப்பிரில் 5க்குள் இட்டவர் பன்னிரண்டு மாத வட்டியும் பெறுவர்; மார்ச் 31இல் இட்டவருக்கு அவ்வாண்டில் ஒரு காசும் இல்லை. வரிக்கழிவோ இருவருக்கும் ஒன்றே.

2023 ஏப்பிரில் முதல் புதிய முறையே பொது விதி; பழையதை வேண்டிக் கேளாதவருக்கு இக்கழிவு கிடையாது.

இந்நிதி முதிர்வது 15 ஆண்டிலாகும். வரிக்கு அஞ்சி மார்ச்சில் பூட்டிய பணம் ஜூனில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவாது. ஆகவே, இல்லறத்தீர், ஆண்டின் தொடக்கத்திலேயே கணக்கிடுங்கள். மாதந்தோறும் சிறிது சிறிதாக இடுங்கள்.