அதிரும் குழாய்: அலட்சியம் வேண்டாம்

மும்பையில் தண்ணீருக்கு நேரம் உண்டு. ஒரு வட்டாரத்தில் விடியற்காலை வரும். இன்னொரு வட்டாரத்தில் விளக்கு வைத்த பிறகு வரும். வரும் நேரத்தை அறியக் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. சுவரோரக் குழாயே சொல்லிவிடும். முதலில் ‘புஸ்’ என்று காற்று. அடுத்து ‘கடகட’வென்று நடுக்கம். யாராவது குழாயைச் சட்டென்று மூடினால், சுத்தியலால் அடித்தது போல் ‘டங்’கென்று ஒரு சத்தம்.

நைட் டூட்டி முடித்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்தவர் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். தொட்டில் குழந்தை அலறுகிறது. “என்ன அண்ணாச்சி, விடியுமுன்னே உங்க வீட்டுல சுத்தியல் வேலையா?” என்று கீழ் வீட்டுக்காரர் கேட்கிறார். “எங்க வீட்டுல ஒண்ணுமில்லை, மேலே போய்க் கேளுங்க” என்று பதில் வருகிறது. மேல் வீட்டுக்காரரும் கையை விரிக்கிறார். நாலு நாளில் வாய்ச்சண்டை. நாலு மாதத்தில் முகம் பார்த்துப் பேசுவதில்லை. குற்றவாளியான குழாயை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் என்று தமிழர்கள் குடியிருக்கும் பழைய கட்டடங்களில் இது தினசரிக் கதை. “பழைய பில்டிங், அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டடத்தின் வயதை விட, கவனிப்பார் இல்லாததே இதற்குப் பெரிய காரணம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஓடிக்கொண்டிருக்கும் கூட்ஸ் வண்டி திடீரென்று நின்றால், பின்னால் வரும் வாகன்கள் ஒன்றையொன்று முட்டி, அந்த அதிர்ச்சி கார்டு பெட்டி வரை போகும். குழாயில் ஓடும் தண்ணீரும் அப்படித்தான். வாயைப் பட்டென்று அடைத்தால், பின்னால் வரும் தண்ணீர் முட்டிக்கொண்டு அதிர்ச்சியாகத் திரும்புகிறது. ருஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி 1897-98ல் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து இதற்குக் கணக்கே சொல்லிவிட்டார். இரும்புக் குழாயில் இந்த அதிர்ச்சி வினாடிக்குச் சுமார் 1,200 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீரை ஒரே நொடிப்பில் நிறுத்தினால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 12 கிலோ அழுத்தம் கூடுதலாக ஏறும். 120 மீட்டர் உயரத்தில் தொட்டி வைத்தால் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு! வீட்டுக் குழாய்களில் முழு அளவு எப்போதும் ஏறுவதில்லை என்றாலும், துருவேறிய மூட்டைத் தளர்த்த அதில் ஒரு பங்கு போதும்.

மெதுவாகத் திருகி மூடும் பழைய குழாய்களில் இந்த அடி குறைவு. கால் சுற்றில் மூடும் புதுக் குழாய்களும், மின்சாரத்தால் நொடியில் மூடிக்கொள்ளும் துணி துவைக்கும் இயந்திரங்களும் வந்த பிறகு அடி அதிகமாகிவிட்டது. பழைய ஜி.ஐ. குழாய்களின் உட்புறம் துருப்பிடித்துச் சுருங்கியிருக்கும். சுருங்கிய வழியில் தண்ணீர் வேகமாகப் பாய்வதால் இரைச்சலும் கூடுகிறது.

சத்தம் கேட்கும் இடமே பழுதான இடம் என்று எண்ணுவது தவறு. இரும்புக் குழாய் சத்தத்தை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு போகும். ஆகவே மேல் வீட்டார் மீது பழி போடுமுன், எல்லா வீட்டாரும் சேர்ந்து, குழாய்களை ஒவ்வொன்றாக மூடித் திறந்து, குழாயின் மேல் கை வைத்துப் பார்த்தால், நடுக்கம் எங்கே தொடங்குகிறது என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சிறு செலவில் தீரும் வேலைகள்

பாதித் தொல்லை ஒரு வாசரில் தீர்ந்துவிடும். குழாயைப் பாதி திறக்கும்போது மட்டும் ‘கிர்ர்’ என்று அதிர்ந்தால், உள்ளே வாசர் தேய்ந்து ஆடுகிறது என்று பொருள். சில ரூபாயில் மாற்றிவிடலாம்.

குழாய் சுவரை விட்டு விலகி, தொட்டால் ஆடுகிறதா? கிளாம்ப் கழன்றிருக்கிறது. அரை அங்குல இரும்புக் குழாயானால் படுக்கையாகப் போகும் இடத்தில் ஆறு அடிக்கு ஒன்று, பிளாஸ்டிக் வகையானால் மூன்று அடிக்கு ஒன்று என்று கிளாம்ப் அடிக்க வேண்டும். கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றினால் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் அடங்கும்.

மொட்டை மாடித் தொட்டி நிரம்பும் தறுவாயில் ‘கொடகொட’வென்று முழங்கினால், அது மிதவைக் குண்டின் வேலை. அலையில் குண்டு ஏறி இறங்க, அடைப்பான் திறந்து திறந்து மூடுகிறது. வாசரை மாற்றி, தண்ணீர் விழுமிடத்தில் அலை குண்டைத் தாக்காதபடி ஒரு தடுப்பு வைத்தால் போதும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் காற்று சிக்கித் திணறினால், தொட்டியின் மட்டத்துக்கு மேல் வரை ஒரு காற்றுக் குழாய் ஏற்றிவிட வேண்டும்.

அடி பலமாக விழும் குழாயின் அருகில், ஒன்றரை அல்லது இரண்டடிக் குழாய்த் துண்டு ஒன்றை நிமிர்த்திப் பொருத்தி மேல்முனையை மூடிவிடுவது பழைய பிளம்பர்கள் செய்யும் உபாயம். உள்ளே நிற்கும் காற்று மெத்தை போல் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் நிற்கும் குழாயில் இந்தக் காற்று நாளடைவில் கரைந்துபோகும். தினமும் குழாய் வற்றி நிறையும் இடங்களிலோ காற்று தானாகவே புதுப்பிக்கப்படுகிறது.

செலவே இல்லாத வைத்தியமும் உண்டு. தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு குழாயைச் சற்றே திறந்து, அடியில் வாளியை வைத்துக் காற்று போக விட வேண்டும். மூடும்போது மெதுவாக மூட வேண்டும். பிள்ளைகளுக்கும் இதைப் பழக்க வேண்டும்.

மோட்டார் என்னும் வியாதி

இத்தனையும் செய்த பிறகும் குழாய் உறுமினால், காரணம் பெரும்பாலும் யாராவது ரகசியமாக மாட்டியிருக்கும் மோட்டார்தான். மாநகராட்சிக் குழாயிலிருந்து நேராக உறிஞ்சும் மோட்டாருக்கு விதிகளில் இடமில்லை. பிடிபட்டால் பறிமுதல் செய்கிறார்கள். ஆனாலும் பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று இவரும், இவர் வீட்டில் இருக்கிறது என்று எதிர் வீட்டாரும் வாங்கி மாட்டுகிறார்கள். தாழ்ந்த வீட்டுப் பாத்திரம் நிறைந்தால், கடைசி வீட்டுப் பாத்திரம் காலி.

இதில் சத்தத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மோட்டார் இழுக்கும் இழுப்பில் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. அதிர்ந்து அதிர்ந்து தளர்ந்த மூட்டு வழியாக, அருகே ஓடும் சாக்கடை நீரும் உள்ளே போகும். மஞ்சள் காமாலையும் வாந்திபேதியும் வருவது இந்த வழியில்தான். அதிர்ந்து சிணுங்கும் குழாய், தளர்ந்த மூட்டுக்கு முன்னறிவிப்பு என்று எண்ணிக்கொள்வதே நல்லது. அத்தகைய வீடுகளில் முதல் வாளித் தண்ணீரைக் கழுவ மட்டும் வைத்துக்கொண்டு, குடிநீரைக் கொதிக்க வைப்பது அவசியம்.

யார் பொறுப்பு?

“வந்த இடத்தில் எதற்கு வம்பு?” என்பது தமிழர்களிடம் ஊறிவிட்ட பேச்சு. பிழைக்க வந்தோம், வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்ற எண்ணம். வாடகை ஒழுங்காகக் கொடுப்பவர், மெயின்டனன்ஸ் பணம் தேதி தவறாமல் கட்டுபவர், ஒரு கிளாம்ப் அடிக்கச் சொல்லக் கூசுகிறார். இது வம்பல்ல, உரிமை.

மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, அதன் 14வது பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், குடியிருக்கத் தக்கபடி பழுது பார்த்துத் தருவது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தும் அவர் அசையவில்லை என்றால், குடித்தனக்காரரே பழுது பார்த்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஓர் ஆண்டில் கழிக்கும் தொகை அந்த ஆண்டு வாடகையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குடித்தனக்காரர்கள் சேர்ந்தும் நோட்டீஸ் கொடுக்கலாம். கேட்டதற்குக் கோபித்துத் தண்ணீரை நிறுத்துவதையும் அதே சட்டத்தின் 29வது பிரிவு தடுக்கிறது. லீவ் அண்ட் லைசென்ஸ் முறையில் இருப்பவர்கள், பழுதுச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொசைட்டிக் கட்டடமானால் வெளிக் குழாய், பம்பு, தொட்டி ஆகியவை சொசைட்டியின் செலவு; வீட்டுக்குள் இருக்கும் குழாய் அவரவர் செலவு. கமிட்டிக் கூட்டத்துக்குப் போகாமல் மாடிப்படியில் நின்று குறை சொல்வதில் பயனில்லை. எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும்.

பக்கத்து அறை மராத்தியருக்கும், எதிர் அறை குஜராத்தியருக்கும் அதே குழாய்தான். அதே தூக்கம்தான் கெடுகிறது. மராத்தியில் எழுதத் தெரிந்த அவரையே மனு எழுதச் சொல்லி, பத்து வீட்டார் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. குழாய்ச் சண்டையில் பிரிந்த வீடுகள் குழாய் மனுவில் ஒன்று சேரும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நைட் டூட்டிக்காரரின் தூக்கமும், பிள்ளைகளின் குடிநீரும் ஒரு வாசருக்கும் நாலு கிளாம்புக்கும் பெறாதவையா? வீட்டுச் சொந்தக்காரர்களும் கமிட்டிக்காரர்களும் காதைக் கொடுப்பார்களா? அதற்கு முன், குடியிருப்பவர்கள் வாயைத் திறப்பார்களா?