பரீட்சை யாருக்கு?

"குடியியல் அறியாத பாமரனுக்கு வாக்கு எதற்கு? ஒரு பரீட்சை வைத்துவிட்டுக் கொடுத்தாலென்ன?" நம் இலக்கியக் கூட்டங்களின் தேநீர் வேளையில் அடிக்கடி கேட்கும் குரல் இது. பேசுபவர்கள் படித்தவர்கள் என்பதுதான் வேதனை.

1931இல் டொனமூர் யாப்பின்கீழ் 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. எழுத்தறிவுகூடக் கேட்கப்படவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத நம் உம்மும்மாமார் வாக்களித்தது அதனால்தான். அந்தக் கதவையா நாம் மூடப் பார்க்கிறோம்?

மாகாண சபைப் பாடம் நடத்துகையில் ஒரு பிள்ளை கேட்டாள்: "எங்கட முதலமைச்சர் யார் சேர்?" கிழக்கு மாகாண சபை அமைந்திருப்பது நம் திருகோணமலையில். 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்தது. எட்டாண்டுகள் கடந்தும் தேர்தல் நடக்கவில்லை. நிர்வாகம் ஆளுநர் கையில். "யாருமில்லை மகள்" என்றேன். இதே கேள்விக்கு "தெரியாது" என்று சொல்லும் கிண்ணியா மீனவரா பரீட்சையில் தவறியவர்? தேர்தலை நடத்தாதவர்களுக்கு எத்தனை புள்ளி?

அறியாமையை நான் போற்றவில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. அது எதற்கென்று நம்மில் எத்தனை பேர் அயலவருக்கு விளக்கினோம்? கற்பிக்காத ஆசிரியனுக்கு வினாத்தாள் நீட்ட உரிமையில்லை.