சும்மா இருக்காத கொழுப்பு

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் போயிருக்கிறீர்களா? செங்கம் சாலையில் எங்கே பார்த்தாலும் நோட்டீஸ். டீடாக்ஸ், ரெய்கி, ஹீலிங். உடம்பில் வருகிற கட்டியெல்லாம் மனசுக்குள் அடக்கி வைத்த கோபம்தான் என்று பாடம் நடத்தவும் ஆள் உண்டு. முன்பு இங்கிலீஷில் மட்டும் சொன்னார்கள். இப்போது தமிழிலும்.

இவர்கள் யார் நிழலில் கடை விரித்திருக்கிறார்களோ, அந்த ரமணருக்கு என்ன நடந்தது? 1948 கடைசியில் இடது முழங்கைப் பக்கம் சின்னதாக ஒரு கட்டி. டாக்டர்கள் வெட்டி எடுத்தார்கள். திரும்ப வந்தது. சர்கோமா, அதாவது புற்றுநோய். நாலு முறை ஆபரேஷன். ஆயுர்வேதம், ஹோமியோபதியும் பார்த்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்றபோதுதான் வேண்டாம் என்றார். 1950 ஏப்ரல் 14-ம் தேதி மறைந்தார். அவர் எந்தக் கோபத்தை அடக்கி வைத்திருந்தாராம்? அடுத்த முறை ஹீலரைப் பார்த்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

இந்தப் பேச்சில் அதிகம் ஏமாறுவது பெண்கள். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் புருஷனிடம்கூட சொல்லக் கூச்சம். ஹீலர் தொட்டுப் பார்க்க மாட்டார், ஸ்கேன் கேட்க மாட்டார். அதனாலேயே அங்கே போகத் தோன்றுகிறது. போகிற ஒவ்வொரு மாதமும் கட்டிக்கு லாபம்.

அடுத்தது வாட்ஸ்அப் டாக்டர்கள். கறுப்பு பிரா போட்டால் கேன்சர் வருமாம். பெரிய மார்பு என்றால் நிச்சயமாம். கட்டுக்கதை. அளவைப் பார்த்து ஜோசியம் சொல்ல முடியாது. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது.

கொழுப்பு என்றால் மூட்டை கட்டிப் போட்ட பழைய சரக்கு என்றுதானே நினைக்கிறோம்? இல்லை சார், அது ஓடுகிற ஃபேக்டரி. மாதவிலக்கு நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜனுக்கு ஹெட் ஆபீஸ் சினைப்பை. அப்புறம் ஹெட் ஆபீஸை மூடிவிடுகிறார்கள். (பி.காம். படித்தவனுக்கு இப்படித்தான் புரியும்.) ஆனால் கிளைகள் மூடுவதில்லை. கொழுப்பில் அரோமடேஸ் என்று ஒரு என்சைம். ரத்தத்தில் வருகிற ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது அதன் வேலை. வயிற்றுக் கொழுப்பிலும் இது நடக்கிறது, மார்பகக் கொழுப்பிலும் நடக்கிறது. உடம்பு பெருக்கப் பெருக்கக் கிளைகள் பெருகும். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்கிறவை. லெட்ரோசோல், அனாஸ்ட்ரசோல் மாத்திரைகளை டாக்டர் எழுதித் தருவதே இந்த என்சைமுக்குப் பூட்டுப் போடத்தான்.

உடனே ஒல்லியானவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். மாமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். சுரப்பியும் நார்த்திசுவும் வெள்ளை. கட்டியும் வெள்ளை. கொழுப்பு குறைந்து சுரப்பியும் நாரும் மிகுந்த மார்பகத்தில் கட்டியைத் தேடுவது பாலில் சுண்ணாம்பைத் தேடுகிற கதை. போதாததற்கு, அந்த அடர்த்தியே ஆபத்தைக் கூட்டுகிறது. ஒல்லியான பெண்களுக்குத்தான் பெரும்பாலும் அடர்த்தி அதிகம். அதை ஏ, பி, சி, டி என்று நாலாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2024 செப்டம்பரிலிருந்து, உன் மார்பகம் அடர்த்தியா இல்லையா என்று அந்தப் பெண்ணுக்கே புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் கவரை ஒட்டிக் கூட வந்த ஆம்பிளை கையில் கொடுக்கிறார்கள்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை. அதற்கு முந்தைய கணக்கில் 31. சரி, மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள்? நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை.

‘உடம்பைக் குறை’ என்று உபதேசம் செய்வது சுலபம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் மீதியை வீணாக்கக் கூடாதென்று ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடுகிறவளிடம் போய்ச் சொல்லுங்கள். அவள் நடப்பதற்குத் தெருவில் ஒரு பிளாட்பாரம் விட்டிருக்கிறோமா? பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறாள், வெறுங்காலோடு. சாமி பேரைச் சொன்னால்தான் வீட்டில் விடுகிறார்கள்.

அதையே பிடித்துக்கொள்ளலாமே! மும்பையில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து இருபது வருஷம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பாதிப் பேருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை. மாமோகிராம் கிடையாது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் தொட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். முடிவு 2021-ல் வந்தது. ஐம்பது தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு சுமார் 30 சதவிகிதம் குறைந்தது.

கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் வருகிற கூட்டத்தில் ஐம்பது தாண்டிய பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! ரமணாசிரமத்தைத் தாண்டி, எமலிங்கத்துக்கு முன்னால் ஒரு கொட்டகை போதும். உள்ளே ஒரு திரை, ஒரு கட்டில், பயிற்சி பெற்ற இரண்டு நர்ஸம்மா. கட்டி தட்டுப்பட்டால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு. கலெக்டர் மனசு வைத்தால் அடுத்த பௌர்ணமிக்கே ஆரம்பிக்கலாம்.