பதறும் மனத்திற்கு மெல்லிய ஆசனம்

எங்கள் வாசக வட்டத்தின் மாதக் கூட்டங்களுக்குத் தவறாது வந்துகொண்டிருந்த நண்பரொருவர் ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திவிட்டார். காரணம் வினவியபோது தயங்கித் தயங்கிச் சொன்னார். நாலு பேர் நடுவே அமர்ந்தால் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கிறது. இதயத்தில் குறையேதுமில்லை, இது மனப்பதற்றம் என்று மருத்துவர் கூறிவிட்டார். செய்தியறிந்த நாங்கள் ஒவ்வொருவரும் அவருக்கு வழங்கிய அறிவுரை ஒன்றே: "யோகா செய்யுங்கள்." அதை அத்தனை எளிதாகச் சொன்னது எங்கள் பிழை என்றே இப்போது கருதுகிறோம்.

அவர் சேர்ந்த வகுப்பில் ஒலிபெருக்கி இருந்தது. சூரிய வணக்கம் பன்னிரண்டு சுற்று, விரைவாக. முன்வரிசையினர் கால்விரலைப் பற்றிக்கொண்டிருக்க, இவருடைய கை முழங்காலைத் தாண்டவில்லை. மூச்சை உள்ளே நிறுத்தச் சொன்ன இடத்தில் பழைய படபடப்பு அப்படியே திரும்பிற்று. நான்காம் நாள் நின்றுவிட்டார். "எனக்கு யோகாகூட வரவில்லை" என்றார். ஏற்கெனவே இருந்த கவலைகளோடு இன்னொன்று கூடியதுதான் மிச்சம்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசம்பரில் அறிவித்ததைத் தொடர்ந்து 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. மைதானம் நிறைய மக்கள் ஒரே நேரத்தில் வளைவது கண்ணுக்கு அழகுதான். அதைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. ஆனால் யோகம் என்றால் வளைவது என்ற எண்ணத்தை அக்காட்சி நம்முள் ஊன்றிவிட்டது. பதஞ்சலியின் ஏறத்தாழ இருநூறு சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே. அங்கும் அவர் கேட்பது நிலைத்தன்மையும் சுகமும் மட்டுமே. முதற்பாதத்தில், சிதறிய மனத்தோடு கூடவே வருபவை எவை என்று ஒரு பட்டியல் தருகிறார்: துன்பம், மனத்தளர்ச்சி, உடல் நடுக்கம், ஒழுங்கிழந்த மூச்சு. எங்கள் நண்பர் மருத்துவரிடம் சொன்னவையும் ஏறத்தாழ இவையே! சில சூத்திரங்கள் தள்ளி, மனந்தெளியும் வழிகள் சிலவற்றைக் கூறும்போது மூச்சை வெளிவிடுவதும் அவற்றுள் ஒன்றாக வருகிறது.

நம் திருமூலரும் வெளிமூச்சுக்கே நீளம் கொடுக்கிறார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பூரகத்துக்குப் பதினாறு, கும்பகத்துக்கு அறுபத்துநான்கு, இரேசகத்துக்கு முப்பத்திரண்டு என்று கணக்கு வருகிறது. உள்ளே இழுப்பதைப் போல் இருமடங்கு வெளியே. (அந்த அறுபத்துநான்கு பயின்றோர்க்குரியது, பதற்றக்காரர்கள் அப்பக்கம் போக வேண்டாம்.) உடலியலும் இதற்கு இசைவாகவே பேசுகிறது. மூச்சை இழுக்கையில் இதயத்துடிப்பு சற்று விரைகிறது, விடுகையில் வேகஸ் நரம்பின் பிடி இறுகித் துடிப்பு தணிகிறது. வெளிமூச்சை நீட்டுவது இதயத்தின் கடிவாளத்தை மெல்லப் பிடித்திழுப்பது போன்றது.

கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கை இங்கே நினைவுக்கு வருகிறது. 1930களில் மைசூர் அரண்மனையின் யோகசாலையில் இளைஞர்களுக்குக் கடுமையான ஆசனங்களைத் தொடர்ந்து செய்யவைத்தவர் அவர்தான். பின்னர் சென்னையில் குடியேறி, நோயாளிகளையும் முதியோரையும் ஒவ்வொருவராக அமர்த்தி, அவரவர் மூச்சுக்கேற்ப அசைவைச் சுருக்கியும் தளர்த்தியும் கற்பித்தவரும் அவரே. அவ்வழியை அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் முன்னெடுத்தது. உலகம் முதலாமவரையே பெரிதும் கொண்டாடியது. நமக்கு வேண்டியவர் இரண்டாமவர் என்று தோன்றுகிறது.

எங்கள் நண்பருக்கும் பின்னர் அப்படியொருவர் வாய்த்தார், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் செய்வித்தவை மிகச் சில. மல்லாந்து படுத்து, மூச்சை விட்டுக்கொண்டே முழங்கால்களை வயிற்றருகே கொணர்தல், இழுத்துக்கொண்டே விலக்குதல். கைகளை மூச்சோடு உயர்த்தி மூச்சோடு தாழ்த்துதல். இறுதியில் கெண்டைக்கால்களை நாற்காலிமேல் வைத்துப் படுத்திருத்தல். நான்கு எண்ணி இழுக்க வேண்டும், ஆறு எண்ணி விட வேண்டும். நிறுத்துதல் கிடையாது. கண்ணையும் மூடச் சொல்லவில்லை. மூடினால் பதற்றக்காரருக்குக் கேட்பது தம் நெஞ்சடி ஒன்றே. "சும்மா உட்கார்ந்து தியானம் செய்" என்றால் தவிக்கும் மனம், கையை உயர்த்தும் வேலையொன்றைக் கொடுத்தால் அதைப் பற்றிக்கொள்கிறது.

இதனால் மாத்திரையைத் தூக்கியெறியலாம் என்போரோடு எமக்கு உடன்பாடில்லை. 2020இல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் அமெரிக்க ஆய்வொன்று வெளிவந்தது. பொதுமைப்பட்ட பதற்ற நோயுடைய 226 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பன்னிரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். தேறியவர்கள் குண்டலினி யோகக் குழுவில் 54 விழுக்காடு, அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சைக் குழுவில் 71 விழுக்காடு, மன அழுத்தம் பற்றிய பாடம் மட்டும் கேட்ட குழுவில் 33 விழுக்காடு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பாடம் மட்டும் கேட்டோரைவிட மேம்பட்டு நின்றவர்கள் சிகிச்சை பெற்றோரே. யோகக் குழுவுக்கு அந்த மேம்பாடு எஞ்சவில்லை. உதவுகிறது, ஆனால் மருத்துவரின் இடத்தில் அதை உட்கார வைக்க முடியாது. எங்கள் நண்பர் மருந்தையும் தொடர்கிறார்.

அவர் மீண்டும் கூட்டத்துக்கு வருகிறார். வாசலோர நாற்காலியை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பேச்சு சூடேறும்போது அவர் விரல்கள் மடியில் மெல்ல மடங்குவதைப் பார்க்கிறோம். நான்கு வரை ஒரு முறை, ஆறு வரை ஒரு முறை.