பணம் போயிற்று, படுக்கை எங்கே?

காலை மணி 10. ஏ.சி. பெட்டிகளுக்கு "தத்கல்" முன்பதிவு தொடங்குகிறது. மிச்சம் ஒரே ஒரு படுக்கை! கவுண்டரில் ஒருவர் கேட்கிறார். அதே நொடியில் செல்போனில் இன்னொருவர் கேட்கிறார். யாருக்குக் கிடைக்கும்?

முந்தியவருக்கு. அவர் பெயரை எழுதும்போது ரெயில்வே கம்ப்யூட்டர் அந்தக் கணக்கைப் பூட்டிவிடும். மற்றவர் கண் இமைக்கும் நேரம் காத்திருக்க வேண்டும். அதனால்தான் ஒரே படுக்கை இருவருக்குப் போவதில்லை.

தொல்லை வேறு இடத்தில். பணம் இருப்பது பாங்கிக் கணக்கில். ரெயில்வேயின் பூட்டு அங்கே செல்லாது. செல்போனில் முதலில் பணம், பிறகுதான் படுக்கை. பாங்கி பணத்தை எடுத்துவிட்டது. அந்தத் தகவல் நடுவழியில் அறுந்தது என்றால்? பணம் போயிருக்கும், டிக்கெட் வராது. பாவம், ஊருக்குப் புறப்பட்ட குடும்பம்!

இதற்கு ரிசர்வ் பாங்கி 2019-ல் விதி வகுத்தது. அப்படிப் போன பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால், நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு.